மினாங்கபாவ் மலைக்கிராமத்தில் நிலம் பெண்களுடையது என்கிறார்களே, அப்படியென்றால் அவர்களே விற்கலாமா? வெளியாள் வாங்க முடியுமா?

விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவற்றை நம்பிப் பணம் கட்டியவர்கள்தான் பெரும்பாலும் கோர்ட்டில் நிற்கிறார்கள்.

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் மராப்பி, சிங்காலாங், சாகோ எரிமலைகளைச் சுற்றிய மேட்டுநிலம்தான் மினாங்கபாவ் மக்களின் தாய்நாடு. (ஜாவாவின் மெராப்பி வேறு, இந்த மராப்பி வேறு.) அங்கே கிராமத்துக்குப் பெயர் 'நகரி'. சமஸ்கிருத நகரம் அங்கே போய்க் கிராமமாகிவிட்டது.

நிலம் பெண்களுடையது என்பது பாதி உண்மை. 'புசாக்கோ திங்கி' என்னும் பரம்பரைச் சொத்து, 'கவும்' எனப்படும் தாய்வழிக் குடும்பம் முழுவதற்கும் பொது. ஒரு பாட்டியின் மகள்கள், பேத்திகள் ஆளுக்கு இத்தனை வயல் என்று உழுது உண்ணலாம். அது அனுபவ உரிமை மட்டுமே, பாகப்பிரிவினை அல்ல. கவுமின் சார்பில் பேசுவதும் கையெழுத்திடுவதும் தாய்மாமன். அவர்கள் வாயில் 'மாமாக்', நம் காதுக்குப் புதிதல்ல. ஆக, விளைச்சல் பெண்ணுக்கு, கையெழுத்து மாமனுக்கு, விற்கும் உரிமை இருவருக்கும் தனியாக இல்லை. கணவர் வீட்டோடு மாப்பிள்ளை. அவரை 'எரிந்த அடிமரத்தின் மேல் உள்ள சாம்பல்' என்பது அங்கத்திய பழமொழி. காற்றடித்தால் பறந்துவிடுவாராம்.

ஒருவர் தாமே சம்பாதித்து வாங்கியது 'புசாக்கோ ரெண்டா'. இது இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி பிள்ளைகளுக்குப் போகும், விற்கலாம். ஊருக்குள் விற்பனைக்கு வரும் மனை எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது, அது இந்த இரண்டில் எது என்பதைத்தான். விற்பவர் 'ரெண்டா' என்று சொன்னால் போதாது. ஒரு தலைமுறை தாண்டி, பிரிக்கப்படாமல் மகள்களிடமே தங்கிவிட்ட ரெண்டா மெல்ல மெல்லப் பரம்பரைச் சொத்தாகவே பார்க்கப்படும்.

விற்கக் கூடாது என்றால் அவசரத்துக்கு என்ன செய்வார்கள்? ஒத்திக்கு விடுவார்கள். நம்மூர் ஒத்தி, போக்கியம் போலத்தான். பணம் கொடுத்தவர் வயலை உழுது சாப்பிடுவார், அசலைத் திருப்பினால் வயல் திரும்பும், வட்டி கிடையாது. வழக்கம் இதற்கு நான்கு காரணங்களை மட்டுமே ஒப்புக்கொள்கிறது. வீட்டில் பிணம் கிடந்து அடக்கச் செலவுக்கு வழியில்லை, வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, குடும்பத்தின் பொது வீடான 'பெரிய வீடு' ஒழுகுகிறது, குடும்பத்தின் தலைவர் பட்டம் ஆளில்லாமல் கிடக்கிறது. மூன்றாவது காரணம் அற்பமாகத் தெரியலாம். கொம்புபோல் வளைந்த அந்த வீட்டுக் கூரையைப் பனை வகை மரத்தின் கருநாரால் தடிமனாக வேய வேண்டும், செலவு கையைக் கடிக்கும். பல வீடுகளில் தகரம் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒத்தித் தொகையை ரூப்பியாவில் பேசாமல் தங்கத்தில் பேசுவதுதான் பரவலான பழக்கம். அலகு 'அமே', ஒரு அமே 2.5 கிராம். 20 அமே என்றால் 50 கிராம். ரூப்பியா மதிப்பு எவ்வளவு சரிந்தாலும் கொடுத்தவருக்கு நஷ்டமில்லை. மீட்பவருக்குத்தான் கஷ்டம், தங்கம் ஏற ஏற வயல் எட்டாமல் போகிறது.

இங்கேதான் சட்டமும் வழக்கமும் முட்டிக்கொள்கின்றன. 1960ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, விளைநிலம் 7 ஆண்டு ஒத்தியில் இருந்துவிட்டால், நிற்கும் பயிரை அறுத்த ஒரு மாதத்துக்குள் காசில்லாமல் திருப்பித் தர வேண்டும். அதற்கு முன் மீட்டால் ஏழரையிலிருந்து கழிந்த ஆண்டுகளைக் கழித்து, ஏழால் வகுத்து, அசலால் பெருக்க வேண்டும். மூன்று ஆண்டில் மீட்டால் 4.5 ÷ 7, அதாவது அசலில் சுமார் 64 சதவீதம். இத்தனை ஆண்டு விளைச்சலே அசலைத் தின்றுவிட்டது என்பது சட்டத்தின் வாதம். ஊரில் இதைச் சொல்லிப் பாருங்கள், 'வாங்கினதைத் திருப்பித் தராமல் வயலை மட்டும் கேட்பதா' என்று முகம் சுளிப்பார்கள். 'விற்றாலும் வாங்கியவனைச் சேராது, ஒத்தி வைத்தாலும் பிடித்தவனைச் சேராது' என்பது பரம்பரை நிலத்துக்கு அங்கே வழங்கும் சொல். அதன்படி ஒத்திக்குக் காலக்கெடு இல்லை. பேரன் காலத்திலும் மீட்கலாம், ஆனால் முழுத் தங்கத்தோடு. எழுத்தில் எதுவும் இல்லாமல் இரண்டு தலைமுறை போனால், உழுபவர் குடும்பம் 'எங்கள் பாட்டன் வாங்கியது' என்று சத்தியமாகவே நம்பத் தொடங்கிவிடும். என் கணிப்பில் அங்கத்திய நிலத்தகராறுகளின் ஊற்றே இதுதான்.

பத்திரப் பதிவுக்கு வருவோம். நில அலுவலகம் சான்றிதழ் கொடுக்க வேண்டுமானால் 'ரஞ்சி' வேண்டும். அது தாய்வழி வம்சமரம்: மேலே பாட்டி, கீழே மகள்கள், அவர்களின் பிள்ளைகள். அதோடு நிலம் எங்கள் கையில்தான் இருக்கிறது என்ற உறுதிமொழி, நான்கு எல்லைக்காரர்களின் கையெழுத்து, கவும் உறுப்பினர்களின் சம்மதம், நகரித் தலைவர் ஒப்பம், வழக்காற்று மன்றத்தின் ஒப்பம். வில்லங்கம் பெரும்பாலும் ரஞ்சியில்தான் ஒளிந்திருக்கும். மூன்று மகள்கள் இருந்த பாட்டிக்கு இரண்டு கிளை மட்டும் வரைந்திருப்பார்கள். மூன்றாவது கிளை ஜகார்த்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும். பிழைப்புக்கு வெளியூர் போவது அந்தச் சமூகத்தின் இயல்பு, போனதால் உரிமை போகாது. அவர்கள் வந்து வழக்குப் போட்டால் சான்றிதழ் ரத்தாகும் வாய்ப்பு நிஜம். ஆகவே ஆவணத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்து வயல்காரரிடம் 'அந்தப் பாட்டிக்கு மகள்கள் எத்தனை பேர்' என்று கேளுங்கள்.

வெளிநாட்டவருக்கு இந்தச் சிக்கல் வரை போகவே வழியில்லை. 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம், 21ஆம் பிரிவு: முழு உடைமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கி வைத்தால் 26ஆம் பிரிவு பாயும். பரிவர்த்தனை செல்லாது, நிலம் அரசுக்கு, கொடுத்த பணமும் திரும்பாது. பயன்பாட்டு உரிமை ஒன்று உண்டு: 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. அதுவும் சான்றிதழ் தெளிவாக உள்ள நிலத்தில்தான் எடுபடும். மலை ஊரில் ஓரிரு வருடம் தங்கிப் பார்க்க ஆசைப்படுபவருக்கு வீட்டை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

மலேசியாவின் செரம்பான் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நெகிரி செம்பிலானின் 'அடாட் பெர்ப்பாத்தி' என்னும் தாய்வழி வழக்கமும் இதே மக்கள் கொண்டுபோனதுதான். ஆனால் அங்கே நிலப்பதிவேட்டில் பெண்ணின் பெயரே ஏறும். அதை மனதில் வைத்துச் சுமத்ராவை அளக்காதீர்கள்.

இனி தோட்டம். மனிஞ்சாவ் ஏரியைச் சுற்றிய சரிவுகளில் வீடும் வயலும் கீழே, காடு மேலே, நடுவில் 'பராக்' என்னும் கலப்புத் தோப்பு. உயரத்தில் துரியான், அதற்கடுத்து பாயூர் மரமும் நம் சந்தன வேம்பின் உறவான சுரியானும், கீழே பட்டை, ஜாதிக்காய், காப்பி. பட்டை மரத்தை எட்டு வருடத்துக்கு மேல் விட்டுத்தான் வெட்டுவார்கள். சிவந்த கொழுந்து பச்சையாக மாறும் பருவத்தில் வெட்டினால் தோல் சுலபமாக உரியும், வறண்ட நாளில் வெட்டினால் மரத்தோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாக வரும். மேல்தோலைச் சுரண்டி வெயிலில் போட்டால் தானே சுருளும். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சிக்கல் எங்கே என்றால், மரம் வேறு நிலம் வேறு. மனைவி குடும்ப நிலத்தில் கணவர் நட்ட மரம் அவருடைய உழைப்பு, நிலமோ கவுமுடையது. ஆறாம் வருடம் விவாகரத்து ஆனால் மரத்தை யார் வெட்டுவது? நடும்போதே மாமாக் முன்னிலையில் பேசிக்கொள்வது நல்லது.

வீட்டுமனை பார்க்கிறவர்கள் ஆற்றையும் பார்க்க வேண்டும். மராப்பி 2023 டிசம்பர் 3 அன்று வெடித்து 24 மலையேறிகளைக் கொன்றது. சரிவில் குவிந்த சாம்பலையும் பாறையையும் 2024 மே 11 இரவு மழை இறக்கிவிட, ஆகாம், தானா டத்தார் உள்ளிட்ட வட்டாரங்களில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வெள்ளத்துக்கு உள்ளூர்ப் பெயர் 'கலோடோ'. வயல் நடுவே ஆளுயரப் பாறைகள் கிடந்தால் அது பழைய கலோடோ வந்த தடம். வருடம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓடையாக இருந்தாலும் சரி, அதன் இரு கரையிலும் அப்படிப் பாறை எதுவரை கிடக்கிறதோ அதற்கு மேலே மனை பாருங்கள்.