அக்குள் நாற்றத்துக்குச் சிறு கீறல் அறுவை சிகிச்சை: வாசகர் கேள்விகள்

இரண்டு வேளை குளித்தும் அக்குள் நாற்றம் போகவில்லை. ஆபரேஷன்தான் வழியா?

அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. பாக்டீரியாவைக் கொல்லும் 5% பென்சாயில் பெராக்சைடு வாஷைத் தடவி, 2–3 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். வண்ணத் துணி பட்டால் வெளுத்துவிடும். வெள்ளைத் துண்டு நல்லது. இரவில், வியர்வையைக் குறைக்கும் 20% அலுமினியம் குளோரைடு கரைசலை நன்றாக உலர்ந்த தோலில் போட்டு, காலையில் கழுவுங்கள். சவரம் செய்த அன்று போடாதீர்கள், எரியும். சில வாரம் விடாமல் செய்தும் பலனில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். உடம்பு முழுக்க மீன் வாடை அடித்தால் அது வேறு கோளாறு. அக்குளைக் கிழித்துப் பயனில்லை.

சின்னக் கீறல் வழியாக உள்ளே என்ன செய்கிறார்கள்?

வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாடை கிடையாது. அப்போகிரைன் சுரப்பிகள் கசியவிடுவதை பாக்டீரியா சிதைப்பதால்தான் நாற்றம். அந்தச் சுரப்பிகள் முடி வேர்களை ஒட்டி, தோலும் கொழுப்பும் சேரும் இடத்தில் இருக்கின்றன.

முதலில் முடி உள்ள பரப்பைப் பேனாவால் குறிப்பார்கள். லிடோகெய்னும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை அங்கே ஊசியால் ஏற்றினால் இடம் உப்பும், மரத்துப்போகும், ரத்தக் கசிவும் குறையும். பிறகு மடிப்பில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீறி, தோலைக் கொழுப்பிலிருந்து பிரித்து, சுரண்டும் முனையுள்ள குழாயை நுழைத்து உறிஞ்சுவார்கள். குழாயின் துளை தோலின் உட்புறத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கீழே பார்த்தால் கொழுப்பு மட்டும் வரும், சுரப்பிகள் தோலோடு ஒட்டியே கிடக்கும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சாதாரண லைப்போசக்‌ஷன் இதற்குப் போதாமல் போவது அதனால்தான். குறைவாகச் சுரண்டினால் நாற்றம் மிஞ்சும்; அதிகமாகச் சுரண்டினால் தோல் ரத்த ஓட்டம் இழந்து கருகும். இந்தக் கைப்பக்குவத்துக்குத்தான் அனுபவமுள்ள சர்ஜனைத் தேடச் சொல்கிறோம்.

ஆபரேஷன் முடிந்ததும் போடும் அழுத்தக் கட்டை ஒரு வாரம் பிரிக்கக் கூடாது என்கிறார்கள். அவ்வளவு அவசியமா?

அவசியம். பிரித்த தோல் கீழே ஒட்டிப் பிடிக்க அந்த அழுத்தம் வேண்டும். கட்டு நழுவினாலோ கையை உயர்த்தினாலோ உள்ளே ரத்தம் கட்டும். தோலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ரத்தம் நின்றால் தோல் பிழைக்காது. ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, விண்ணென்று வலித்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல சர்ஜன்கள் இரண்டு முதல் நான்கு வாரம் தோளுக்கு மேல் கை தூக்க விடுவதில்லை. தலை சீவ, கொடியில் துணி போட ஆள் வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை முன்கூட்டியே நிறுத்துங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாற்றம் திரும்ப வருமா?

வரலாம். எல்லாச் சுரப்பியையும் எடுக்க முடியாது, மிஞ்சியவை வேலை செய்யும். பெரும்பாலானவர்களுக்கு நாற்றம் நன்றாகக் குறையும், அக்குள் முடியின் அடர்த்தியும் குறையும். சில மாதம் தோல் கருத்தும் கடினமாகவும் இருக்கும்.

மகளுக்கு 14 வயது. இப்போதே செய்யலாமா?

பொறுங்கள். சுரப்பிகள் பருவ வயதில்தான் வளர்கின்றன. இப்போது எடுத்தாலும் பிறகு வளர்பவை நாற்றத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். அதுவரை மேலே சொன்ன வாஷை, மென்மையான தோல் என்பதால், டாக்டரைக் கேட்டு 2.5 சதவீதத்தில் தொடங்கலாம்.

வியர்வையை அடக்கும் போடாக்ஸ் ஊசி போட்டால் போதாதா?

வியர்வை வெகுவாகக் குறையும். ஈரம் குறைவதால் நாற்றமும் ஓரளவு தணியும். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். நெஞ்சுக்குள், வியர்வையைத் தூண்டும் நரம்பை வெட்டும் ஆபரேஷனை நாற்றத்துக்காக மட்டும் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருக்கெடுக்கலாம்.