குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வேலையின்மையைக் கூட்டும் என்று சந்தைப் பொருளாதாரவாதிகள் ஏன் சொல்கிறார்கள்?

அவர்களுக்குச் சம்பளமும் ஒரு விலைதான். ஒருவரின் உழைப்பால் வரும் வருமானத்தைவிட அவருக்குக் கொடுக்கவேண்டிய தொகை கூடினால் முதலாளி அவரை வேலைக்கு எடுக்கமாட்டார் என்பதால், இச்சட்டம் அனுபவமற்ற இளையோரையே முதலில் பாதிக்கும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் வாதிட்டார்.

பணிநீக்கத் தடைகளையும் அவர்கள் எதிர்க்கிறார்கள். இலங்கையின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில் ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த, அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். திருகோணமலையின் உப்புவெளியில் 14 பேரை வைத்திருக்கும் விடுதி உரிமையாளர், சுற்றுலாப் பருவம் முடிந்தபின் என்ன செய்வது என்று யோசித்து, அறை துப்புரவுக்கு இன்னொருவரை நிரந்தரமாக எடுக்கத் தயங்குவார். இந்த வாதம் வலுவானது என்றே கருதுகிறேன்.

சம்பள வாதம் அவ்வளவு உறுதியானதல்ல. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக உயர்ந்தபோது, துரித உணவகங்களில் வேலைவாய்ப்புக் குறையவில்லை என்று பொருளியலாளர்களான கார்ட், குரூகர் இருவரும் கண்டனர். அம்முடிவு பின்னர் கடுமையாக விவாதிக்கப்பட்டது. முதலாளிகள் சிலரே உள்ள ஊரில், வேறு போக்கிடமில்லாத தொழிலாளிக்கு அவரது உழைப்பின் பெறுமதியைவிடக் குறைவாகக் கொடுத்தே அவர்களால் வேலைவாங்க முடியும். அங்கே அளவான உயர்வு வேலையைப் பறிக்கவேண்டியதில்லை. திருகோணமலையின் விடுதித் தொழிலுக்கு, குறிப்பாகப் பருவமற்ற மாதங்களில், இந்த விளக்கமே கூடுதலாகப் பொருந்துகிறது.