டார்ட்ஸ் (வட்டப் பலகையில் சிறு அம்புகளை எறியும் ஆட்டம்) பழக ஆரம்பித்திருக்கிறேன். எப்படி எறிவது, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதல் வாரமே சொந்தக் காலில் டார்ட்டைக் குத்திக்கொண்டவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். எறிந்த மூன்று டார்ட்டையும் பலகையிலிருந்து சேர்த்துப் பிடுங்கும்போது ஒன்று நழுவியது. பந்தைத் தடுக்கிற பழக்கத்தில் காலை நீட்டிவிட்டேன். வெறுங்கால் வேறு. டார்ட்டின் எடையெல்லாம் முன்பக்கம் இருப்பதால் விழும்போது பெரும்பாலும் முனைதான் கீழே பார்த்து வரும். விழுந்தால் விழட்டும் என்று விலகிவிடுங்கள். மூடிய ஷூ போட்டுக்கொண்டு ஆடுங்கள்.

எறிவதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள். புல்ஸ்ஐ, அதாவது பலகையின் நடுப்புள்ளி, தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரம், நிற்கும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர். சுவரிலிருந்து அளந்தால் பலகையின் கனம் கணக்கில் விட்டுப்போகும். புல்ஸ்ஐயிலிருந்து கோட்டுக்குக் குறுக்காக நூல் பிடித்தால் சுமார் 2.93 மீட்டர் வரவேண்டும். பிளாஸ்டிக் முனை வைத்த எலக்ட்ரானிக் பலகை என்றால் கோடு 2.44 மீட்டரில்.

வலக்கைக்காரர் வலது காலை முன்னே வைத்து, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நின்றால் போதும். எடை முன்காலில் இருக்கட்டும், ஆனால் பலகையை எட்டிப் பிடிக்கப் போவதுபோலச் சாயாதீர்கள். டார்ட்டை விரல்மேல் கிடத்தி, இருபுறமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதைச் சுற்றித்தான் கட்டைவிரலும் மற்ற இரண்டு விரல்களும் பிடிக்க வேண்டும். நகம் வெளுத்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

தோள் அசையாமல், முழங்கை உயர்ந்து, முன்கை மட்டும் மடங்கி விரிய வேண்டும். என்னை ரொம்ப நாள் படுத்திய தப்பு, டார்ட் விரலை விட்டதுமே கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுப்பது. எறிந்த பிறகும் கை இலக்கை நோக்கி நீண்டே நிற்கட்டும். டார்ட் மேலே போனால் பெரும்பாலும் சீக்கிரம் விட்டிருக்கிறீர்கள். கீழே இறங்கினால் தாமதமாக. இது ஒன்று புரிந்தாலே பாதித் திருத்தம் தானாக நடந்துவிடும்.

இலக்கைப் பற்றி ஒரு கருத்து, எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆரம்பத்தில் புல்ஸ்ஐயையும், பலகையில் 20 புள்ளி தரும் கட்டத்தையும் மறந்துவிடுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் நெருங்கி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள், அந்த இடம் எதுவாக இருந்தாலும் சரி. 20-க்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. கை கொஞ்சம் பிசகினாலே தண்டனை. பலகையின் இடது கீழ்ப்பக்கத்தில் 19, 7, 16, 8 என்று வரிசையாக இருப்பதால் புதுக்கைக்கு அந்தப் பக்கம்தான் கருணை காட்டும்.

பலகையைக் கதவின் முன்னாலோ பின்னாலோ மாட்டாதீர்கள். யாராவது திறந்துகொண்டு வந்து நிற்பார்கள். ஒருவர் டார்ட்டை எடுத்துத் திரும்பிக் கோட்டுக்குப் பின்னால் வரும்வரை அடுத்தவர் கையை உயர்த்தவே கூடாது. பார்ப்பவர்களும் எறிபவருக்குப் பின்னால்தான். குழந்தைகளோ நாய் பூனையோ சுற்றிக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். பலகைக் கட்டங்களைப் பிரிக்கும் கம்பியில் பட்டுத் திரும்பித் தெறிக்கிற டார்ட் எந்தப் பக்கம் வரும் என்று சொல்லவே முடியாது.

பிடுங்கும்போது ஒரு கையால் பலகையை அழுத்திப் பிடித்து, மறுகையால் மெதுவாகத் திருகி நேராக இழுங்கள். ஒவ்வொன்றாக. நான் மூன்றையும் சேர்த்து அள்ளியதன் பலனை மேலே படித்தீர்கள்.

முனையை ஊசிபோலத் தீட்டுவது நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். தேவையில்லை. பிசிர்தான் பிரச்சினை, அது பலகையின் நாரைக் கிழித்துக்கொண்டு வரும். பழைய துணியில் முனையை லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் உப்புத்தாளை விரலில் மடித்துப் பிடித்து, டார்ட்டைச் சுழற்றியபடி இரண்டு மூன்று தேய்ப்பு தேயுங்கள்.