வழிகாட்டி போட்டும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: எங்கள் கிராமப் பள்ளிக்கு வரும் புது ஆசிரியர்கள் ஒரு வருடம்கூட தாங்குவதில்லை. சென்ற ஆண்டு வந்த இருவருக்கும் மூத்த ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகப் போட்டேன். ஒருவர் போய்விட்டார், இன்னொருவர் மாறுதல் கேட்கிறார். வேறென்ன செய்வது?
– ஒரு தலைமை ஆசிரியர்

பதில்: சார், அந்த மூத்த ஆசிரியருக்கு வாரம் எத்தனை பீரியட்? கடிதத்தில் அது இல்லை. ஒரு வகுப்பைக்கூடக் குறைக்காமல் இந்த வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தால், வழிகாட்டுதல் வராந்தாவில்தான் நடந்திருக்கும். "எல்லாம் சரியாப் போகுதா?" "போகுது சார்." வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆனவர் வேறென்ன சொல்வார்?

அமெரிக்காவில் இங்கர்சால், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அதே பாடத்துக்காரர் வழிகாட்டியாக அமைந்தவர்களும், சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் திட்டமிட நேரம் கிடைத்தவர்களும் முதல் ஆண்டோடு விலகுவது குறைவாக இருந்தது. உங்கள் பள்ளியில் கணக்குக்கு இருப்பதே ஒருவர்தான் என்றால் பக்கத்துப் பள்ளியில் ஆளைத் தேடுங்கள். வாரம் ஒரு போன், மாதம் ஒருமுறை நேரில், அந்த நாளுக்கு இருவருக்கும் வகுப்பு கிடையாது. இதை டைம்டேபிளிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்காது.

என் முதல் வருடத்தில் ஒரே அறையில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும். பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்லத் திரும்பினால் சின்னவர்கள் ஸ்லேட்டால் அடித்துக்கொள்வார்கள். பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார், அப்புறம் கரும்பலகைக்கு நடுவில் கோடு போட்டு, "இந்தப் பக்கம் அவங்களுக்கு எழுத்து வேலை, அதை முதல்ல போட்டுட்டு அந்தப் பக்கம் போ" என்றார். இரண்டு நாள் பயிற்சி முகாமில் எனக்கு இது கிடைக்கவில்லை.

அவரிடம் நான் மனம் விட்டுப் பேசியதற்கு ஒரே காரணம், என்னைப் பற்றி யாருக்கும் ரிப்போர்ட் எழுதும் வேலை அவருக்கு இல்லை. உங்கள் வழிகாட்டியே மதிப்பீடும் எழுதுகிறார் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள்.

இன்னொன்று, மாறுதல் கேட்டவரிடம் காரணம் கேட்டீர்களா? தங்க வீடு கிடைக்காததும் சாயங்காலப் பஸ்ஸும்தான் பிரச்சினை என்றால் எப்பேர்ப்பட்ட வழிகாட்டியாலும் ஒன்றும் ஆகாது. அதை நீங்கள்தான் ஊரில் நாலு பேரிடம் பேசிப் பார்க்க வேண்டும், அவர் விண்ணப்பம் மேலே போவதற்கு முன்பாக.