சணப்பைக் காய்க்குள் புகும் புழு

கேள்வி: சணப்பைக் காயைத் துளைத்து விதை தின்ற கம்பளிப்புழுக்களை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் இலை போட்டு வளர்த்தேன். சில அழுகின. கூட்டுப்புழு ஒன்றை இன்னொரு புழு தின்றுவிட்டது! தப்பியது வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த அந்துப்பூச்சி. இது என்ன இனம்?

பதில்: யூடெத்தைசா பேரினம், புலி அந்துக்களில் ஒன்று. வெளிர் முன்னிறக்கையில் சிவப்பு, கறுப்புப் புள்ளிகள் கொண்ட புல்கெல்லா, லோட்ரிக்ஸ், புல்கெல்லாய்டஸ் ஆகிய மூன்று இனங்களும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது தவறு. ஆணின் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் உறுதி. அதே காயைத் துளைக்கும் அர்ஜினா ஆஸ்ட்ரியா என்ற அந்துவோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை: அது ஆரஞ்சு நிறம், கறுப்புப் புள்ளிகளைச் சுற்றி வெள்ளை வளையம்.

கூட்டுப்புழுவைத் தின்றதற்குக் காரணம் வெறும் பசி என்று நினைக்காதீர்கள். சணப்பை உள்ளிட்ட கிலுகிலுப்பை இனச் செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு உண்டு. விதையில் அது செறிவாக இருக்கும். புழு அதை உடலில் சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்தில் வாழும் நெருங்கிய உறவான ஓர்னாட்ரிக்ஸ் என்ற இனத்தில், நஞ்சு கிடைக்காத புழுக்கள் நஞ்சுள்ள முட்டையையும் கூட்டுப்புழுவையும் தின்னும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னர் குழு இந்த இனத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. வலையில் சிக்கிய அந்துவை நெஃபிலா சிலந்தி தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள இழைகளைக் கத்தரித்து விழவிட்டுவிடும். நஞ்சில்லாத உணவில் வளர்ந்ததையோ தின்றுவிடும். கலவியின்போது ஆண் தன் நஞ்சில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. அது முட்டைக்கும் போகிறது. ஒரு செடியின் விஷம் இப்படித் தலைமுறை தாண்டுவது எத்தனை அழகான ஏற்பாடு!

அடுத்த முறை இலை மட்டும் போடாதீர்கள், பச்சைக் காயுள்ள கிளையே வேண்டும். தண்ணீர்க் குப்பியில் செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லையென்றால் புழு இறங்கி மூழ்கும். மூடிக்குப் பதில் மெல்லிய துணி கட்டுங்கள். அழுகலுக்குக் காரணம் தேங்கிய ஈரம்தான். கழிவைத் தினமும் அகற்றி, கூட்டுப்புழு ஆனவற்றை உடனே தனியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: வயலில் மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: பசுந்தாள் உரத்துக்கு என்றால் வேண்டாம். பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் காயே இராது. விதைப் பயிரில் சிறு பரப்பென்றால் துளை விழுந்த காய்களைக் கையால் பறித்து அழியுங்கள். புழு உள்ளே போனபின் தெளிப்பதில் பயன் குறைவு. அந்த விதையைக் கால்நடைக்குப் போடவே கூடாது, கல்லீரலைக் கெடுக்கும்.