பட்ஜியின் வயதை எதைக் கொண்டு கணிப்பது?

கேள்வி: நீல நிற பட்ஜி (வீட்டில் வளர்க்கும் சிறு கிளி) ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். ஐந்து மாதக் குஞ்சு என்று சொல்லிக் கொடுத்தார். ஆனால் நெற்றியில் கோடுகள் இல்லை, கண்ணில் வெள்ளை வளையம் தெரிகிறது, மூக்குப் பகுதி பழுப்பாக இருக்கிறது. அதன் உண்மையான வயதை அறிய முடியுமா?

பதில்: நீங்கள் குறிப்பிட்டுள்ள மூன்று அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால், அது ஒரு வயதை நெருங்கிய அல்லது கடந்த பெண் பறவையாகவே இருக்க வேண்டும்.

கூட்டை விட்டு வெளிவரும் குஞ்சுக்கு, தலையிலுள்ள கருங்கோடுகள் நெற்றி வழியாக மூக்குத்துளைகள் வரை இறங்கியிருக்கும். 3 முதல் 4 மாத வயதில் முதன்முறை இறகு உதிரும்போது இக்கோடுகள் பின்வாங்கி, நெற்றி ஒரே நிறமாகத் தெளிவடையும். அந்த நாட்களில் அருகிலிருந்து பார்த்தால், பழைய கோடுகளுக்கு இடையே உறை பிரியாத புதிய இறகுகள் வெண்ணிற முட்களைப் போல நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

கோடுகளைவிடக் கண்ணே எனக்கு நம்பகமான சாட்சி. இளம் பறவையின் கண் முழுவதும் கருமையாகத் தோன்றும். ஏறத்தாழ நான்காம் மாதத்திற்குப் பின் கண்மணியைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் தென்படத் தொடங்கி, சிறிது சிறிதாக வெளுத்து, 8 முதல் 12 மாதங்களுக்குள் வெண்மையாகிவிடும். விளக்கொளியைவிடப் பகல் வெளிச்சத்தில், பறவை பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது பார்ப்பது நல்லது. எல்லா நிற வகைகளுக்கும் இவை பொருந்தா என்பதையும் சொல்லியாக வேண்டும். முழு மஞ்சளான லுட்டினோ, முழு வெள்ளையான அல்பினோ வகைகளில் கோடுகளே தெரியாது. உடலில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கும் ரிசசிவ் பைட் வகைக்கு வாழ்நாள் முழுவதும் கண்ணில் வெள்ளை வளையம் தோன்றாது என்பதால், முதிர்ந்த பறவையைக் குஞ்சென்று நம்பி வாங்கிவிட நேரலாம்.

மூக்குத்துளைகளைச் சுற்றியுள்ள தோல் பழுப்பாவது, பெண் பறவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகியிருப்பதைக் காட்டுகிறது. பிறகு அது வெளுத்துப் போகவும் கூடும். இதற்கு மாறாக, நீலமாக இருந்த ஆண் பறவையின் மூக்குத்தோல் பழுப்பாக மாறினால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்: விரைக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு வயதுக்கு மேல் உடல் அடையாளங்கள் உதவுவதில்லை. அப்போது கைகொடுப்பது, ஆண்டு பொறிக்கப்பட்ட கால் வளையம் மட்டுமே. இணைப்பில்லாத முழு வளையத்தைக் குஞ்சு பொரித்த முதல் இரண்டு வாரங்களுக்குள்தான் மாட்ட முடியும். பாதம் வளர்ந்தபின் அது நுழையாது. திறந்து மூடும் வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம் என்பதால், அதிலுள்ள எண்ணைப் பிறந்த ஆண்டுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

காலில் செதில் தடித்திருப்பதையும் அலகு நீண்டிருப்பதையும் முதுமை என்று சொல்பவர்கள் பலர். முதலாவது பெரும்பாலும் சிற்றுண்ணித் தொற்றாகவும், இரண்டாவது கல்லீரல் கோளாறாகவும் இருக்கக்கூடும்; இரண்டுமே இளம் பறவைக்கும் வரும். உங்கள் பறவையின் காலில் வளையம் இல்லையெனில், வாங்கிய தேதியுடன் ‘குறைந்தது 8 மாதம்’ என்று குறித்துவையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அந்தக் குறிப்பே போதுமானது.