சூரியன் திடீரென்று காணாமல் போனால்? கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: சூரியன் ஒரு நொடியில் இல்லாமல் போனால் என்ன ஆகும்? நடக்க வழியில்லாத காரியம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

செல்வி: அந்த நொடியே இருட்டிவிடுமா சார்?

இல்லை. சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடைசியாகக் கிளம்பிய ஒளி இங்கே வந்துசேர 8 நிமிடம் 20 நொடி ஆகும். அதுவரை வழக்கமான வெயில்தான்.

வேடிக்கை எல்லாம் இரவுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. அன்று பௌர்ணமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் பக்கம் இருட்டி இரண்டரை நொடி கழித்துத்தான் நிலா அணையும். ஒளி நம்மைத் தாண்டி நிலாவுக்குப் போய்த் திரும்ப அவ்வளவு நேரம் ஆகிறது. வியாழன் கிரகமும் அன்று சூரியனுக்கு நேர் எதிரே நின்றால், அது இன்னும் 70 நிமிடம்போல ஒன்றுமே நடக்காத மாதிரி வானத்தில் பளிச்சென்று தெரியும். அப்புறம் அதுவும் போய்விடும்.

ரமேஷ்: ஒளிக்குச் சரி. ஈர்ப்பு விசை உடனே அறுந்துவிடுமே?

நியூட்டன் கணக்கில் உடனே. ஐன்ஸ்டைன் கணக்கில், ஈர்ப்பில் ஏற்படும் மாற்றமும் ஒளியின் வேகத்தில்தான் பரவும். இதற்குக் கண்கூடான சாட்சி 2017 ஆகஸ்ட் 17 அன்று கிடைத்தது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (செத்துப்போன பெரிய விண்மீன்களின் அடர்ந்த மிச்சம்) மோதியதில் கிளம்பிய ஈர்ப்பு அலையும் (ஈர்ப்பில் எழும் அதிர்வு) காமா கதிரும் (இதுவும் ஒரு வகை ஒளிதான்) சுமார் 13 கோடி ஒளியாண்டு பயணம் செய்து, 1.7 நொடி இடைவெளியில் வந்துசேர்ந்தன. ஆகவே இருட்டுவதும் பூமியின் பிடி விடுபடுவதும் ஒரே சமயத்தில்தான். ஒரு சின்ன வில்லங்கம்: இவ்வளவு பெரிய நிறை மாயமாக மறைவதையே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் ஒப்புக்கொள்வதில்லை. கேள்வியே விதியை மீறியது என்பதால் விடையில் ரொம்பக் கறார் பார்க்க முடியாது.

மணி: பஸ்ஸில் சடன் பிரேக் போட்ட மாதிரி தூக்கி எறியப்படுவோமா?

மாட்டோம் தம்பி. சூரியன் பூமியையும் நம்மையும் ஒரே அளவில்தான் இழுக்கிறது. அந்த இழுவை நின்றால் எல்லாருக்கும் சேர்ந்தே நிற்கும். கையில் இருக்கும் டீ கூடத் தளும்பாது. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் நேர்கோட்டில் கிளம்பிவிடும், நிலாவையும் கூட்டிக்கொண்டு. ஒரே வருஷத்தில், வியாழன் இப்போது சுற்றும் தூரத்தைத் தாண்டியிருப்போம்.

தேன்மொழி: ஒரே ராத்திரியில் உறைந்துபோவோமா?

நிலாவில் இருந்தால் அப்படித்தான். அங்கே ஓர் இரவு நமக்குச் சுமார் 14 நாள். 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் கலம், அடுத்து வந்த இரவுக்குப் பிறகு கண் விழிக்கவே இல்லை. பூமிக்குப் போர்வையாகக் காற்று இருக்கிறது. அதைவிட முக்கியமாக, வெப்பத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கடல் இருக்கிறது.

பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி, சராசரி வெப்பநிலை ஒரு வாரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஒரு வருஷத்தில் மைனஸ் 70-ஐத் தொடும். கடலோரத்தைவிட உள்நாடு சீக்கிரம் குளிரும். கடைசியில் மிஞ்சுவது பூமிக்குள்ளிருந்து கசியும் வெப்பம் மட்டும். அது சதுர மீட்டருக்கு 0.1 வாட் கூட வராது. இப்போது பூமி சூரியனிடமிருந்து உள்வாங்குவது சராசரியாக 240 வாட். அந்தக் கசிவை வைத்து மைனஸ் 240 அளவில்தான் நிற்க முடியும். அதற்கு முன்பே மைனஸ் 183-இல் ஆக்ஸிஜனும் மைனஸ் 196-இல் நைட்ரஜனும் திரவமாகிவிடும், அப்புறம் உறையும். ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் இப்போது 10 டன் காற்று நிற்கிறது. அது மொத்தமும் உறைந்து கீழே படிந்தால் ஏறக்குறைய 10 மீட்டர் உயரம்.

பிரபு: செடிகள் இல்லாமல் ஆக்ஸிஜன்?

கையிருப்பு ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு வரும். அரிசி வராது.

ஜெயந்தி: கடைசி வரை பிழைப்பது யார்?

கடலுக்கடியில் இருக்கும் வெந்நீர் ஊற்றுகள் என்று எல்லாரும் சொல்வார்கள். 1977-இல் காலாபகோஸ் அருகே கண்டுபிடித்தவை. பனிக்கட்டி மிதப்பதால் கடல் மேலே மூடிக்கொள்ளும், அடியில் தண்ணீர் வெகுகாலம் இருக்கும், அது சரிதான். ஆனால் அங்கே வாழும் குழாய்ப் புழுக்களுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். அது மேலே வெயிலில் உருவானது. என் ஓட்டு தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கி.மீ. ஆழத்தில் கிடைத்த பாக்டீரியாவுக்கு. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளப்பதில் கிடைக்கும் ஹைட்ரஜனை வைத்து அது பிழைக்கிறது. சூரியன் போனது அதற்குத் தெரியவே தெரியாது.

அருள்: சூரியன் மறையாமல், உள்ளே எரிவது மட்டும் நின்றால்?

நல்ல கேள்வி. வானத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது! மையத்தில் உருவாகும் ஆற்றல் மேற்பரப்புக்கு வரவே பல்லாயிரம் வருஷம் ஆகிறது. அதோடு, அணுக்கரு இணைவு, அதாவது அந்த உள் எரிப்பு, நின்றாலும் சூரியன் மெல்லச் சுருங்கி, அந்தச் சூட்டிலேயே கோடிக்கணக்கான வருஷம் ஒளிவீசும். சூரியன் எரிவதே இப்படிச் சுருங்கித்தான் என்று 19-ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் கெல்வின் நம்பினார்.

காட்டிக்கொடுப்பது நியூட்ரினோ, அந்த எரிப்பில் பிறக்கும், எதிலும் எளிதில் சிக்காத நுண்துகள். மையத்திலிருந்து தடையில்லாமல் வெளியேறி எட்டு நிமிடத்தில் இங்கே வந்துவிடும். நம் நகத்தளவு இடத்தில் நொடிக்கு 6,500 கோடி போல ஊடுருவிப் போகின்றன. ஆனால் ஜப்பானில் மலைக்கடியில் 50,000 டன் தண்ணீரோடு இருக்கும் நியூட்ரினோ பிடிக்கும் கருவியான சூப்பர் கமியோகாண்டே, ஒரு நாளைக்குப் பிடிப்பது பதினைந்து இருபதுதான். அதனால் முதல் நாள் எண்ணிக்கை குறைந்ததும் கருவியில்தான் கோளாறு என்று கழற்றிப் பார்ப்பார்கள்.

சுகந்தி: ஏழு வயதுப் பெண் இதைக் கேட்டுப் பயந்து தூங்கமாட்டேன் என்கிறாள். நிஜமாக நடக்குமா?

நடக்காதும்மா. இன்னும் 500 கோடி வருஷத்துக்குச் சூரியனிடம் எரிபொருள் இருக்கிறது. ஆனால் 100 கோடி வருஷத்துக்கு ஒருமுறை அதன் பிரகாசம் சுமார் 10 சதவீதம் கூடுவதால், அடுத்த 100 கோடி வருஷ வாக்கிலேயே கடல் வற்றத் தொடங்கிவிடும். பாப்பாவிடம் முதல் பாதியை மட்டும் சொல்லுங்கள்.